பேனலில் 0.99, அனலைசரில் 0.92

கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. மூன்று மாதத்துக்குள், பவர் ஃபேக்டரை உயர்த்தப் போட்டிருந்த ஐந்து கெப்பாசிட்டர்கள் வயிறு வீங்கிச் செத்தன. மட்டமான சரக்கு என்று வேறு கம்பெனி வாங்கிப் போட்டோம், அதுவும் வீங்கியது. அப்புறம்தான் வோல்ட்டேஜ், கரண்ட் அலைகளை அளந்து பதிவு செய்யும் பவர் குவாலிட்டி அனலைசர் ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம்.

முதல் நாள் ஒரே கூத்து. பி ஃபேஸில் கிலோவாட் மைனஸில் வந்தது. "அண்ணா, நம்ம மில்லு கரண்ட் தயாரிக்குதா?" என்றான் ஹெல்ப்பர். கிளாம்பில் உள்ள அம்புக்குறி லோடு பக்கம் பார்க்க வேண்டும், நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். அரை நாள் பதிவு வீண்.

அடுத்தது பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம்; 1 என்றால் முழுமை. கெப்பாசிட்டர்களைத் தானாகச் சேர்த்து விலக்கும் ஏ.பி.எஃப்.சி. பேனல் 0.99 என்கிறது, அனலைசர் 0.92 என்கிறது. எது பொய் என்று மண்டை காய்ந்தேன். பார்த்தால் இரண்டுமே சரி. எங்கள் பேனல் ரிலே 50 ஹெர்ட்ஸ் அலையில் வோல்ட்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள கோணத்தை மட்டும் பார்க்கிறது. அனலைசர் மொத்த கிலோவாட்டை மொத்த கே.வி.ஏ.வால் (வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கிய அளவு) வகுக்கிறது, அதில் ஹார்மோனிக் கரண்டும், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் ஓடும் கரண்டும் சேர்த்தி. கரண்டின் டி.எச்.டி., அதாவது 50 ஹெர்ட்ஸ் கரண்டோடு ஒப்பிட்டால் ஹார்மோனிக் மொத்தம், 40 சதவீதம். 0.4-ஐ வர்க்கப்படுத்தி, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.077. 0.99-ஐ அதால் வகுத்தால் அதே 0.92. இந்த இடைவெளியைக் கெப்பாசிட்டரால் அடைக்க முடியாது. நாங்களோ அதைத்தான் சேர்த்துக்கொண்டே இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டி.எச்.டி. 70 சதவீதம் என்று வந்ததும் பயந்துபோனேன். ஆனால் அன்றைக்கு ஓடியதே 40 ஆம்பியர், அதில் 70 சதவீதம் என்றால் 28 ஆம்பியர். வேலை நாளில் 500 ஆம்பியருக்கு 40 சதவீதம் சுமார் 200 ஆம்பியர். சதவீதம் குறைந்த நாளில்தான் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது. அன்றிலிருந்து ஆம்பியரைப் பார்க்காமல் டி.எச்.டி.யைப் படிப்பதில்லை.

இடையில் ஒரு ராத்திரி மோட்டார்களை ஆன் ஆஃப் செய்யும் கான்டாக்டர் சுவிட்சுகள் மொத்தமாக விடுபட்டன. டிரெண்ட் கிராஃபில் அந்த நேரத்துக்கு வோல்ட்டேஜ் ஒழுங்காகவே இருந்தது. அந்தக் கோடு 10 நிமிட சராசரி, அதாவது 30,000 சைக்கிளின் சராசரி. நாலு சைக்கிள் இறங்கினால் அதில் எங்கே தெரியும்? ஈவென்ட் லிஸ்டைத் திறந்தேன். அரை சைக்கிளுக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் பதிவில், வோல்ட்டேஜ் 62 சதவீதத்துக்கு இறங்கி 80 மில்லி செகண்டில் மீண்டது அப்படியே இருந்தது.

சரி, கெப்பாசிட்டருக்கு வருவோம். ஹார்மோனிக் பார் சார்ட்டில் 7-வது பட்டை (350 ஹெர்ட்ஸ்) 5-வதைவிட (250 ஹெர்ட்ஸ்) உயரம். மோட்டார் வேகத்தை மாற்றும் எங்கள் டிரைவ்கள் சாதாரண ஆறு பல்ஸ் வகை, அவற்றில் 5-வதுதான் பெரிதாக வர வேண்டும். எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 500 கே.வி.ஏ., இம்பிடன்ஸ் 5 சதவீதம், ஆக ஷார்ட் சர்க்யூட் அளவு 10,000 கே.வி.ஏ. ஆன் ஆகியிருந்த கெப்பாசிட்டர் 200 கே.வி.ஏ.ஆர். வகுத்தால் 50, அதன் வர்க்கமூலம் 7.07. டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து எத்தனையாவது ஹார்மோனிக்கைப் பெருக்கும் (அதுதான் ரெசனன்ஸ்) என்பதற்கான எண் இது. பேனா வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. 350 ஹெர்ட்ஸுக்கு நாங்களே கூப்பிட்டு ரெசனன்ஸ் வைத்திருக்கிறோம்! கெப்பாசிட்டர்களை ஒவ்வொரு ஸ்டெப்பாக ஆஃப் செய்து பார்த்தேன், வோல்ட்டேஜ் டி.எச்.டி. 9-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது.

கெப்பாசிட்டரோடு சீரிஸில் 7 சதவீத ரியாக்டர், அதாவது ஒரு காயில், போட்டோம். டியூனிங் 189 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், 5-வதுக்கும் கீழே. பழைய 440 வோல்ட் கெப்பாசிட்டரையே மாட்டலாம் என்றார் பேனல்காரர். ரியாக்டர் சீரிஸில் வந்தால் கெப்பாசிட்டர் முனையில் 473 வோல்ட் நிற்கும், அதனால் 525 வோல்ட் ரகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

இப்போது பேனலில் 0.99, அனலைசரில் 0.95. "மீதி எங்கேப்பா?" என்று முதலாளி கேட்டார். இந்த டிரைவ்கள் ஓடும்வரை இப்படித்தாங்க இருக்கும் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. வீங்காத பழைய கெப்பாசிட்டர் இரண்டை ஸ்டோரில் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.