நாலு டஜன் குவளை

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நோட்டீஸை நான்தான் வாசித்தேன். எங்கள் சபையும் கண்மாய்க்கரைச் சபையும் ஒன்றாவது பற்றிப் பேச அக்டோபர் 12இல் பொதுக்குழு. இரண்டும் பதிவு பெற்ற சங்கங்கள். 1975ஆம் வருடச் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மதிக்க வேண்டும். பாப்திஸ்துகளுக்கு மேலிருந்து உத்தரவு போடப் பேராயர் கிடையாது, எதுவானாலும் அந்தந்தச் சபையே கை தூக்கி முடிவு செய்யும். ஒரு மின்விசிறி வாங்க இரண்டு கூட்டம் போட்டவர்கள் நாங்கள்.

எங்களுக்குக் கட்டடம் இருக்கிறது, போதகர் இல்லை. அவர்களுக்குப் போதகர் இருக்கிறார், கூரை ஒழுகுகிறது. எங்கள் பக்கம் பர்மா காலனிக் குடும்பங்கள், ரயில்வேயில் இருக்கும் ஒரு தெலுங்குக் குடும்பம், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மிசோ பிள்ளைகள் நாலு பேர். அவர்கள் பக்கமும் காலனிதான், ஆனால் கிராமத்துக் காலனி. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக இந்த ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பர்மா காலனிக்காரர்கள் யாரும் அந்தச் சொல்லுக்காகக் கூசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அம்மா இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று இட்லி ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார். "நாம ஜட்சன் துரை காலத்துச் சபைடி. நேத்து வந்தவங்களோட போய்…"

அம்மா 1964இல் ஏழு வயதுப் பிள்ளையாக ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813இல் ரங்கூனுக்குப் போனார், சரி. ஆனால் அவர் அமெரிக்காவில் கப்பல் ஏறும்போது பாப்திஸ்தே இல்லை. வழியில் வேதத்தைப் படித்துப் படித்து மனசு மாறி, 1812இல் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். அதைச் சொன்னேன்.

"அது வேற" என்று அடுப்பைத் தணித்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நிறைவேறிவிட்டது. எதிர்த்து ஒன்பது கை. மூன்று என் சொந்தக்காரர்களுடையது. அம்மா கை தூக்கவே இல்லை, எதற்கும்.

அவர்கள் போதகர் பேசும்போது மார்ட்டின் லூதர் கிங்கைச் சொன்னார். அவரும் பாப்திஸ்துப் போதகர்தான். அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் மிக அதிகமாகப் பிரிந்திருக்கும் நேரங்களில் ஒன்று ஞாயிறு காலை பதினோரு மணி என்று அவர் வருத்தப்பட்டாராம். எங்களுக்கு ஆராதனை ஒன்பதரைக்கு என்று பின்பெஞ்சில் ஒருவர் முணுமுணுத்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 25, சனி

திருவிருந்தில் அப்பத்தோடு திராட்சை ரசத்தை எப்படிக் கொடுப்பது என்று பேச இரண்டு சபை மூப்பர்களும் உட்கார்ந்தோம். அங்கே ஒரே பித்தளைக் கிண்ணம், கைமாறிப் போகும். எங்களிடம் விரல் உயரத்தில் ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை. கொரோனாவுக்குப் பிறகு அதுதான் சுகாதாரம் என்றார் எங்கள் மூப்பர். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, பதிவாளருக்குச் சொத்துப் பட்டியல் தயாரிக்கப் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். 1987 ஜூன். தாத்தாவின் கையெழுத்து. அப்போது அவர்தான் செயலர். மேலே: "புதிய அங்கத்தினர், மூன்று குடும்பம்", அடுத்து குடும்பத் தலைவர்களின் பெயர்கள், கிராமத்தின் பெயர். அதே பக்கத்தில் கீழே: "கண்ணாடிக் குவளை நாலு டஜன், மரத்தட்டு இரண்டு. சுகாதாரம் கருதி." அதற்கு முந்தைய வருடங்களில் குவளை என்ற பேச்சே இல்லை. 1989 பட்டியலில் அந்த மூன்று குடும்பமும் இல்லை.

புத்தகத்தை மூடி வைத்தேன், அப்புறம் திறந்தேன். தாத்தா எழுத்து அழகாக இருக்கும், 'ழ'வைச் சுழித்துச் சுழித்து.

அக்டோபர் 28, செவ்வாய்

அவர்கள் சபை மூப்பரைப் பார்க்கப் போனேன். கொத்தனார், அறுபது தாண்டியவர். பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர்கள் மேல் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். இரண்டாவது பெயரில் விரல் நின்றது.

"அப்பா."

வேறு பேச்சு வரவில்லை. டீ வந்தது. டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "தனி டம்ளர் எங்களுக்குப் புதுசா அக்கா? டீக்கடையில பார்க்காததா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் கூட்டுத் திருவிருந்து. நேற்றே பன்னீர் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து வடிகட்டினோம். விதையும் தோலும் ஒருபடி. மிசோப் பெண் ஒருத்தி வடிகட்டியைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் சபை அக்காக்கள் இருவர் பிழிந்தார்கள். அம்மா வாசலோடு நின்றுகொண்டார்.

மேசையில் இரண்டும் வைத்தோம், கிண்ணமும் குவளைத் தட்டும். போதகர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தெலுங்கில் ஒரு சங்கீதம், மிசோவில் ஒரு பாட்டு, பிறகு அப்பம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் குவளை. அம்மாவும் குவளை. கிண்ணம் என்னிடம் வந்தது, எனக்கு முன்னால் குடித்தவர் கொத்தனார். விளிம்பில் ஈரம் தெரிந்தது. ஒரு நொடி நின்றேன். அந்த ஒரு நொடியை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். குடித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

சொத்துப் பட்டியல் முடிந்தது. ஹார்மோனியம் 1, பெஞ்சு 22, பித்தளைக் கிண்ணம் 1, கண்ணாடிக் குவளை 43. பதிவு அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

கண்மாயில் ஞானஸ்நானம். எங்கள் கட்டடத்தில் மேடைக்கடியில் டைல்ஸ் பதித்த தொட்டி இருக்கிறது. இருந்தாலும் அவர்கள் வழக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகுதான். ஊருணியில் இறங்க முடியாது, அது குடிதண்ணீர். அவர்கள் அப்பன் பாட்டன் காலத்தில் குடம் வைத்து மொள்ளவும் விட்டதில்லை.

ஐந்து பேர் எடுத்தார்கள். மிசோப் பையன் ஒருவன், கொத்தனாரின் பேத்தி, தெலுங்குக் குடும்பத்தின் மூத்த பெண், கிராமத்துப் பிள்ளைகள் இருவர். தண்ணீர் மார்பளவு, செம்மண் கலங்கல். பேத்தி எழுந்தபோது மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே சிரித்தது.

அம்மா வந்திருந்தார். கரையில் வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஈரத்தோடு வந்த பிள்ளைக்குத் துண்டு தேடினார்கள், கிடைக்கவில்லை. அம்மா தன் தோளில் கிடந்ததை எடுத்து நீட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தத் துண்டை மறக்காம வாங்கிட்டு வா, நல்ல துண்டு" என்றார்.