பூண்டு விளையிற ஊர்க்காரனுக்கு ஸ்டாட்டின் எதுக்கு?

எங்கள் பூம்பாறையில் பூண்டு என்றால் பாதி மருந்து. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதா, கேட்கவே வேண்டாம். "தினம் நாலு பல்லு சுட்டுத் தின்னுப்பா, கொழுப்பும் கரையும் சுகரும் எறங்கும். எதுக்கு மாத்திரை?" என்று பெரியப்பா பார்க்கும்போதெல்லாம் சொல்வார். பூண்டு ரசம் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் நாற்பது வயது ஆனதும் மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டாட்டினை, அதாவது கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை, ராத்திரி தவறாமல் போட்டுக்கொள்கிறேன். நெஞ்சுவலி ஏதும் வந்ததில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தே டைப் ஒன் சர்க்கரை எனக்கு, உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் வகை. இவ்வளவு வருடம் சர்க்கரையோடு இருப்பவர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வரலாம். நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் வலியே இல்லாமலும் வரலாம். அதற்குத்தான் மாத்திரை.

கொடைக்கானலில் ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். சீசனில் ஆளுக்கு ஆள் கேட்பார்கள்: "கையில என்ன சார் ஒட்டியிருக்கு, வலிக்குப் போடுற பிளாஸ்டரா?" சர்க்கரையை விடாமல் அளந்து போனுக்கு அனுப்பும் சென்சார் என்று சொன்னால் அடுத்த கேள்வி விலை. அப்புறம், "தினம் விரல்ல ஊசி குத்திப் பார்த்தா போதாதா?"

போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஒரு பழைய ஆராய்ச்சியில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, டைப் ஒன் உள்ள 1,441 பேரை வைத்து நடந்தது. பாதிப் பேருக்கு அந்தக் கால வழக்கப்படி நாளுக்கு ஒன்றிரண்டு இன்சுலின் ஊசி. மீதிப் பேருக்கு மூன்று, நான்கு ஊசி அல்லது இன்சுலின் பம்ப்; விரலைக் குத்திக் குத்திப் பார்த்து மூன்று மாதச் சராசரியை (HbA1c) 7 சதவீதம் பக்கம் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு அது 9 பக்கம். ஆராய்ச்சி முடிந்தபின் இரு தரப்புக்கும் சர்க்கரை அளவு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் 2005-இல் கணக்கெடுத்தபோது, முதலில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு இதய, ரத்தநாளப் பிரச்சினைகள் 42 சதவீதம் குறைவு. என்றைக்கோ பட்ட பாட்டை உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது!

சரி, அவர்களிடம் சென்சார் இல்லையே, நமக்கு மட்டும் எதற்கு? இங்கேதான் விஷயம். அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை, மற்றவர்களைப்போல மூன்று மடங்கு கடுமையான லோ, அதாவது சர்க்கரை ஆபத்தாக இறங்கிப்போவது. லோ என்றால் வெறும் நடுக்கமும் வியர்வையும் இல்லை. சர்க்கரை இறங்கினால் அட்ரினலின் ஏறும், பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பின் தாளம் தப்பக்கூடும். தூக்கத்தில் நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. 7-ஐ லோ இல்லாமல் எட்டிப்பிடிக்கலாம் என்பதற்காகத்தான் சென்சாருக்கு இந்தக் காசை நான் செலவழிக்கிறேன். சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் 70 சதவீத நேரமாவது இருக்கவேண்டும் என்கிறார்கள்; 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

ராத்திரி ஷிப்டில் அலாரம் அடித்தால் மேஜை டிராயரில் குளுக்கோஸ் பவுடர் இருக்கும். பக்கத்திலேயே பழனி பஞ்சாமிர்த டப்பா ஒன்றும். டாக்டர் சிரிக்கிறார், நெய்யெல்லாம் சேர்ந்தது, குளுக்கோஸ் தண்ணீர் அளவுக்குச் சட்டென்று ஏற்றாது. முதலில் குளுக்கோஸ், ஏறியபின் பஞ்சாமிர்தம் என்று சமாதானமாகிவிட்டோம். சென்சார் இருக்கும் கைமேல் அழுத்திப் படுத்தாலும் பொய்யாக லோ காட்டும், அதனால் சந்தேகம் வந்தால் விரலில் ஒரு குத்து. சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள நீரைத்தான் அளக்கிறது. ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கியே சொல்லும். ஏரியைச் சுற்றி நடக்கும்போது 110 என்று காட்டினாலும் அம்புக்குறி கீழே பார்த்தால் நான் நின்று ஏதாவது வாயில் போட்டுக்கொள்வேன். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர், பாதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மலைக்கென்று சில தொல்லைகள் உண்டு. வத்தலக்குண்டில் வாங்கிய இன்சுலின் மேலே வருவதற்குள், சிப்ஸ் பாக்கெட் உப்புகிற மாதிரி, ஊசிப்பேனாவின் கார்ட்ரிட்ஜுக்குள் காற்றுக்குமிழி பெரிதாகிவிடும். பேனாவை நிமிர்த்தி இரண்டு யூனிட் வெளியே விட்டு, சொட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும். மார்கழிக் குளிரில் குளுக்கோமீட்டர் எர்ரர் காட்டும், அதனால் அதற்கு என் ஸ்வெட்டருக்குள் இடம். நெட் போனாலும் எனக்கு அலாரம் அடிக்கும், புளூடூத் போதும். மதுரையில் இருந்து என் அளவைப் பார்க்கும் தங்கச்சிக்குத்தான் போகாது. உடனே போன் போட்டு, "அண்ணே, என்னாச்சு?"

ஆனால் கையில் ஒட்டியதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. பிரஷர், கெட்ட கொலஸ்ட்ரால், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எதுவும் அதற்குத் தெரியாது. அல்புமின் கசிந்தால் கிட்னி மட்டுமல்ல, இதயத்தையும் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்தவுடன் ரொம்ப இறங்கினாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினாலும் நரம்பைக் கவனிக்கவேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க வரும் அக்காவிடம் நானும் கையை நீட்டிவிடுவேன்.

எல்லா மாதமும் சென்சார் வாங்க முடியாதவர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு வாரம் மட்டுமாவது போட்டுக்கொள்ளலாம். நானும் சீசன் இல்லாத மாதங்களில் அப்படித்தான். மிச்சமாகும் காசில் வருடாந்திர அல்புமின் டெஸ்டும் கொலஸ்ட்ரால் டெஸ்டும் தாராளமாக முடிந்துவிடும்.