விளக்கொளி இணைப்புக்குச் சுவர்க் கண்ணாடிகள்: செய்து பார்த்த அனுபவம்

விளக்கொளி வழியாகத் தகவல் அனுப்பும்போது நடுவே ஓர் ஆள் வந்து நின்றாலே இணைப்பு அறுந்துவிடுகிறது. 2011-இல் பேராசிரியர் ஹரால்ட் ஹாஸ் லை-ஃபை என்று பெயரிட்டு அறிமுகப்படுத்திய, 2023-இல் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யிடமிருந்து 802.11பிபி என்ற தரநிலையையும் பெற்றுவிட்ட இத்தொழில்நுட்பத்தின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து. திசை திருப்பக்கூடிய கண்ணாடிகளைச் சுவரில் பொருத்தி இக்குறையைப் போக்கலாம் என்று ஆய்வாளர்கள் முன்வைக்கும் வழியை, என் அறையில் சிறிய அளவில் செய்து பார்த்து வருகிறேன்.

கூரையில் உள்ள சிறு வெள்ளை எல்இடியை மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் வேகமாக அணைத்து எரிக்கிறது. ஒவ்வொரு பிட்டிலும் விளக்கு சம நேரம் எரிந்து அணையும் மான்செஸ்டர் குறியீட்டைப் பயன்படுத்துவதால் கண்ணுக்குச் சிமிட்டல் தெரிவதில்லை. மேசையில் ரிசீவராக, ஒளியை மின்னோட்டமாக மாற்றும் பிபிடபிள்யூ34 போட்டோடயோடும் அதற்கொரு பெருக்கியும் உள்ளன. டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஒரு மின்தேக்கியும் மின்தடையும் வடிகட்டிவிடுகின்றன.

நேர்வழியை அட்டையால் மறைத்தால், வெள்ளைச் சுவரில் பட்டுச் சிதறி வரும் ஒளி மட்டுமே எஞ்சுகிறது. அது மிகவும் சொற்பம். சுவர் ஒளியை எல்லாத் திசைகளிலும் இறைத்துவிடுகிறது. கண்ணாடியோ விளக்கின் பிம்பத்தையே காட்டுவதால், விளக்கிலிருந்து கண்ணாடிக்கும் அங்கிருந்து போட்டோடயோடுக்கும் உள்ள தொலைவுகளைக் கூட்டிய தூரத்தில் இன்னொரு விளக்கு இருப்பதற்கு அது சமம். இதிலிருந்து கிடைப்பதுதான் இம்முயற்சியின் சுவையான பகுதி: ஒரே பெரிய கண்ணாடியில் போட்டோடயோடு ஒரு பிம்பத்தையே காண்கிறது, ஆனால் அதைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே திருப்பிவைத்தால், துண்டுக்கு ஒன்றாகப் பல விளக்குகளைக் காண்கிறது. நான்கு துண்டுகளும் சரியாக நோக்கியபோது மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் அலையின் உயரம் படிப்படியாக ஏறியதைப் பார்த்தது பெரும் மகிழ்ச்சி அளித்தது.

திருப்புவதில்தான் நுணுக்கம் வேண்டும். கண்ணாடி 1 பாகை திரும்பினால் ஒளி 2 பாகை திரும்பும். 2 மீட்டர் தொலைவில் அது 7 சென்டிமீட்டர் நகர்வு. கண்ணாடியிலிருந்து விளக்கும் அதே தொலைவில் இருப்பதால், 3 சென்டிமீட்டர் துண்டு மேசையில் வீழ்த்தும் ஒளித்திட்டு 6 சென்டிமீட்டர்தான். ஆகவே கண்ணாடியைத் திருப்பும் மலிவான சர்வோ மோட்டாரின் ஒரு பாகை அசைவே போட்டோடயோடைத் தாண்டிச் சென்றுவிடும். கண்ணாடியைக் கீலில் பொருத்தி, 8 சென்டிமீட்டர் நெம்புகோலின் நுனியை மோட்டாரின் 1 சென்டிமீட்டர் கையால் தள்ளச் செய்தபின், ஓர் அசைவுக்கான நகர்வு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது.

இப்போது ஆர்டுவினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொரு துண்டாக அசைத்து, சிக்னல் கூடும் பக்கம் நகர்த்துகிறது. ரிசீவரை இடம் மாற்றினால் இத்தேடல் மெதுவாகவே நடக்கிறது. கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோடு விளக்குக்கும் ரிசீவருக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்பதால், ரிசீவரின் இடத்தைக் கொடுத்தால் கோணத்தை நேரடியாகக் கணக்கிட்டுவிடும் நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.