ஏலக்காடும் ஆடிக்காற்றும்: மெட்டு தாண்டி ஒரு டிஸ்க் கோல்ஃப் பயணம்

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிற நாலு பேர் சேர்ந்தால் உலகத்திலேயே கொடூரமான கோர்ஸ் (ஆடுகளம்) எது என்ற வழக்கு வந்துவிடும், உடனே ஒருவர் அடிக்கணக்கை எடுத்துப் போடுவார், இது இத்தனை ஆயிரம் அடி, அது அதைவிட நீளம் என்று. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. திறந்த புல்வெளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் கூடுதலாக ஒரு வீச்சு போட்டால் முடிந்தது, தோள் வலிக்கும், அவ்வளவுதான். முந்நூறு அடிதான், ஆனால் இரண்டு பக்கமும் மரம், கூடைக்குப் பின்னால் சரிவு, குறுக்கே காற்று என்றால் அங்கே ஆள் அழுதுவிடுவான். சுமாராக எறிந்தவனை ஒரு கோர்ஸ் என்ன பாடு படுத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. என் மச்சானுக்கு இதில் உடன்பாடில்லை. சரி, வா போய்ப் பார்ப்போம் என்று ஆடி மாதத்தில் போடியிலிருந்து மலையேறினோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தார். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் எறிந்த வேகத்தில் முன்னால் ஓடக் கூடாது, நிலையாக நின்று காட்ட வேண்டும். இதற்கெல்லாம் மூலபுருஷர் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர். ஃபிரிஸ்பீ நேராகப் பறக்கும்படி அதை மாற்றியமைத்து 1967-ல் காப்புரிமை வாங்கியவர், 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர கோர்ஸை அமைத்தவர், மறு வருஷமே பிடிஜிஏ என்ற சங்கத்தையும் தொடங்கினார். 2002-ல் இறந்தபோது அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து டிஸ்க் வார்த்தார்கள். நம் ஊரில் ராமேஸ்வரத்துக்குப் போயிருக்கும்.

எங்கள் கூடை போடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் பிறந்தது. பழைய சைக்கிள் ரிம் இரண்டு, ஒரு தண்ணீர்க் குழாய், இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிய சங்கிலி. ஜீப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கோயில் மணி அடிக்கிற சத்தம். போடிமெட்டில் டீ குடிக்க இறங்கியபோது கடைக்கார அண்ணன் நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கோழிக்கூண்டுக்கு அடிய மறந்துட்டாய்ங்களா?" என்றார். விளக்கினோம். "அப்ப சரி" என்றார், நம்பின மாதிரி தெரியவில்லை.

முதல் ஆட்டம் சாந்தன்பாறைப் பக்கம், ஜீப் ஓட்டி வந்த நண்பரின் சித்தப்பா வைத்திருக்கும் ஏலத்தோட்டத்தில். ஏலத்துக்கு வெயில் ஆகாது, அதனால் மேலே பெரிய நிழல் மரங்களை விட்டுவைத்திருப்பார்கள், கீழே ஆளுயரத்துக்கு மேல் ஏலச்செடி. நடுவில் ஜீப் பாதை மட்டும்தான் திறப்பு. மேலே கிளை, கீழே ஏலத் தட்டை, பக்கத்தில் அடிமரம், ஆக டிஸ்க் போவதற்கு ஒரு ஜன்னல் அளவுதான் மிஞ்சுகிறது. அதிலும் பாதை வளைகிறது. வலது கையால் சாதாரணமாக எறிந்தால் டிஸ்க் வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும், பாதையோ வலப்பக்கம் திரும்புகிறது. வலப்பக்கம் சாய்த்துப் பிடித்து அன்ஹைசராக விட வேண்டும், அரை அங்குலம் சாய்வு மாறினாலும் முதல் மரத்திலேயே டக். மரத்தில் பட்ட டிஸ்க் எந்தத் திசைக்குப் போகும் என்பதை சாமிதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் காட்டு கோர்ஸ் என்றால் கென்டக்கி மாநிலம் பர்லிங்டனில் இருக்கிற ஐடில்வைல்ட், டெலவேரில் நியூவார்க் பக்கத்து ஐயர்ன் ஹில் (ஒரு காலத்தில் நிஜமாகவே இரும்புத் தாது வெட்டிய குன்று), இல்லினாய்ஸ் மார்ட்டனில் நார்த்வுட் பிளாக் என்று பெயர்கள் வரும். உலகத் தரத்து ஆட்டக்காரர்கள்கூட அங்கே முழு வேகத்தில் எறிய யோசிப்பதை வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஏன் என்பது இந்தத் தோட்டத்தில் நின்றபோது புரிந்தது. மரத்தில் பட்டு உள்ளே போனால் அடுத்த வீச்சு முன்னேறுவதற்கு இல்லை, பாதைக்குத் திரும்பி வருவதற்கு. ஒரு வீச்சு அங்கே செத்தது.

எங்களுக்கு இன்னொரு சட்டமும் சேர்ந்தது. உள்ளே போன டிஸ்க்கை எடுக்க மச்சான் செடிக்குள் காலை வைத்ததும் காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்: "ஏப்பா, சரத்த மிதிச்சுராதப்பா! அதுலதான்யா எங்க சோறே கெடக்கு!" ஏலக்காய் காய்ப்பது செடியின் உச்சியில் இல்லை, தூரிலிருந்து தரையோடு படர்கிற சரத்தில். அதனால் அங்கேயே தீர்மானித்தோம், பாதையைத் தாண்டினால் ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே, டிஸ்க்கை அந்த அம்மா எடுத்துத் தருவார், ஒரு வீச்சு அபராதத்தோடு பாதையில் வைத்து ஆட வேண்டும். டிஸ்க்கை எடுத்து வீசும்போதெல்லாம் அவர் எங்களைவிட நேராக வீசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓபியை ஆயுதமாகவே ஆக்கிய கோர்ஸ் ஒன்று உண்டு. தென் கரோலினாவில் ராக் ஹில் என்ற ஊரின் வின்த்ராப் பல்கலைக்கழகத்தில் 1999 முதல் யுஎஸ்டிஜிசி என்ற பெரிய போட்டி நடக்கிறது, முதல் வருஷம் ஜெயித்தவர் கென் கிளைமோ. அங்கே காடு குறைவு. புல்வெளியில் மஞ்சள் கயிறு கட்டி விடுவார்கள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் அபராதம். 17-வது குழி (கூடைதான், பெயர் மட்டும் இன்னும் குழி) தூரத்தில் சின்னது, ஆனால் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு மாதிரி ஆக்கியிருப்பார்கள். மூன்று நாள் பிரமாதமாக ஆடியவன் அங்கே வந்து கை நடுங்குவான். கயிறு கட்டியதெல்லாம் ஒரு கஷ்டமா என்பான் மச்சான். ஏலச்சரம் மட்டும் என்னவாம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத கயிறுதானே.

அப்புறம் பூப்பாறை. சின்ன விவசாயி ஒருவரின் தேயிலைச் சரிவு, அவரிடம் கேட்டுக்கொண்டு கூடையைச் சரிவின் நடுவில் ஊன்றினோம். தூரம் ஒன்றுமே இல்லை. கூடைக்குப் பக்கத்தில் விழும் டிஸ்க் விளிம்பில் எழுந்து நின்று, ஒரு நொடி யோசித்து, பிறகு கீழே இருக்கிற ஓடை வரைக்கும் உருண்டு போகும். சான்டா குரூஸ் நகரில் 1984-லிருந்து இருக்கும் டிலாவியாகா கோர்ஸின் கதையும் இதுதான், அதன் 27-வது குழிக்கு உலகத்தின் உச்சி என்றே பெயர். அங்கே கூடைக்கு மேலே எறிவதா, துணிச்சலாக நேரே எறிவதா என்று புட்டிங்குக்கே, அதாவது கூடைக்குள் போடும் கடைசி வீச்சுக்கே, வியூகம் வேண்டும். பூப்பாறையில் மழை பிடித்துக்கொண்டது, அட்டை வேறு. சீக்கிரம் கிளம்பிவிட்டோம். இந்தப் பக்கங்களில் சாயங்காலம் தங்குவதும் நல்லதில்லை, யானை நடமாட்டம். சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் நடந்து வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆனால் எங்கள் இரண்டு பேரையும் வாயடைத்தது சதுரங்கப்பாறை. உடும்பன்சோலைப் பக்கம் போனால் காற்றாலைகள் நிற்கிற மொட்டை மேடு. மேற்கே கேரளத்து மலைகள், கிழக்கே பாறை சடாரென்று இறங்கி அடியில் தேனி மாவட்டத்துச் சமவெளி. ஒரு மரம் கிடையாது. மச்சான் கையைத் தட்டிக்கொண்டு "இதுல என்ன கஷ்டம்?" என்றான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 175 கிராம் டிஸ்க் எம்மாத்திரம்.

எதிர்காற்றில் டிஸ்க்கின் மேல் ஓடும் காற்றின் வேகம் கூடுகிறது, அதனால் அது வழக்கத்தைவிட வலப்பக்கம் புரண்டு தரையில் குத்தும். பின்காற்றில் நேர் எதிர், மிதக்கவே மறுத்துச் சீக்கிரம் இடப்பக்கம் இறங்கிவிடும். இதெல்லாம் சமாளிக்கலாம். குறுக்குக் காற்றுதான் எமன். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆட்கள் இல்லாத பக்கமாகப் பார்த்து, மேட்டின் மேலேயே தெற்கு நோக்கி எறிந்தோம். வலப்பக்கத்திலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, காற்று. டிஸ்க் கடைசியில் இடப்பக்கம் சாய்கிறது அல்லவா, அப்போது அதன் வயிறு வலப்பக்கம் திரும்பும், காற்று அந்த வயிற்றைப் பிடித்துத் தூக்கும். மச்சானின் ஆரஞ்சு டிரைவர் (தூரத்துக்கு எறிகிற டிஸ்க்) இறங்க வேண்டிய இடத்தில் ஏறியது, அப்படியே கிழக்கே மிதந்து பாறை விளிம்பைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. கேரளாவில் எறிந்து தமிழ்நாட்டில் விழுந்தால் ஓபிதான், ஆனால் எல்லையை எந்த இடத்தில் தாண்டியது, அதாவது அடுத்த வீச்சை எங்கே வைத்து ஆடுவது என்பதில் கம்பம்மெட்டு வரும் வரை சண்டை.

அங்கே நேராக நின்று 10 மீட்டரிலிருந்து கூடைக்குள் போடுவதுகூட நடக்கவில்லை. காற்று ஓய்கிறதா என்று காத்திருப்போம், ஓயும், கையை எடுப்போம், மறுபடி வரும். மச்சான் இப்போது நீளக் கணக்கு பேசுவதில்லை. ஃபின்லாந்தில் யூரோப்பியன் ஓபன் போட்டி நடந்த தி பீஸ்ட் கோர்ஸ் மட்டும் விதிவிலக்கு என்கிறான். அது நோக்கியா ஊரில் இருக்கிறது, நம் ஸ்ரீபெரும்புதூரில் ஃபோன் செய்த கம்பெனிக்குப் பெயர் தந்த அதே ஊர். போகட்டும், என் வரிசை இதுதான்: முதலில் காற்று, அடுத்து சரிவு, அதற்கடுத்து காடு. காட்டில் தப்பு யாருடையது என்றாவது தெரியும்.

போகிறவர்களுக்கு: தோட்டக்காரரிடம் கேட்காமல் எந்த வேலிக்குள்ளும் காலை வைக்காதீர்கள். ஏலக்காட்டுக்கு டிரைவர் வேண்டாம், கிட்டத்துக்கான புட்டரும் நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்சும் போதும், பச்சை நிறத்தில் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மேட்டுக்கு 150 கிராம் டிஸ்க்கெல்லாம் காகிதம், கனமானதாக, ஓவர்ஸ்டேபிளாக (எதிர்காற்றிலும் எளிதில் வலப்பக்கம் புரளாத ரகமாக) பாருங்கள். அட்டைக்கு உப்பு. தேவாரம் பக்கம் மலையடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டிஸ்க் கிடைத்தால் அது மச்சானுடையது, பின்பக்கம் அவன் ஃபோன் நம்பர் எழுதியிருக்கும்.