வெள்ளைக்கழிச்சலும் நூறு டோஸ் குப்பியும்

நாட்டுக்கோழி வளர்க்கிற எல்லாருக்கும் வெள்ளைக்கழிச்சல் தெரியும், கோழிக்கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்கிற தொற்றுநோய். குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் அது சித்திரைக் கடைசியில் வந்தது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முன்னால் எங்கெங்கிருந்தோ சேவல்கள் ஊருக்குள் வரும். வியாபாரி பைக்கில் தலைகீழாகக் கட்டிக் கொண்டுவருவார், சொந்தக்காரர்கள் கூடையில் கொண்டுவருவார்கள். பக்கத்து வீட்டுக்கு அப்படி வந்த சேவல் ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழிந்தது. சாகிறதுக்குள் அறுத்துவிடலாம் என்று அறுத்து, இறகையும் குடலையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டார்கள். தெருக்கோழி மொத்தமும் மேய்வது அந்தக் குழியில்தான்.

ஒரு வாரத்துக்குள் என் பெட்டைகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிய ஆரம்பித்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு, தீவனத்தைக் கொத்தப் போனால் தலை வேறு பக்கம் போனது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பக்கத்து ஊருக்கு மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடப் போயிருந்தார். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னாம்மா, கோழிக்கா வந்தே? பிப்ரவரில முகாம் போட்டோமே, அப்ப எங்க போயிருந்தே?"

அந்தக் கேள்வி இன்னும் எரிகிறது. வருஷா வருஷம் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது, இலவசம்தான், மறுக்கவில்லை. எங்கள் ஊரில் அதை வைத்தது பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், பகல் பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் நாட்டுக்கோழி எங்கே இருக்கும்? வேலி ஓரம், கரும்புத் தோட்டம், அடுத்த தெரு. இருட்டினால்தான் கைக்கு வரும், இல்லையென்றால் விடியற்காலை கூண்டைத் திறப்பதற்கு முன்னால். பண்ணைக் கோழியை மனதில் வைத்து நேரம் குறித்தால் எங்களைப் போலப் பத்து இருபது கோழி வைத்திருக்கும் பெண்கள் யாரும் போக முடியாது.

வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். ஒரு பவுடர், ஒரு டானிக், கூடவே லசோட்டா என்கிற கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து என்று எடுத்து வைத்தார். சொட்டு மருந்துக் குப்பி இருந்தது கண்ணாடி அலமாரியில், வெயில் படுகிற இடத்தில். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வெளியில் கிடந்ததைப் போட்டால் பச்சைத்தண்ணீர் விட்ட மாதிரிதான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள். நான் வாங்கவில்லை.

அடுத்த தடவை செத்த கோழி ஒன்றைச் சாக்குப்பையில் மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். பஸ் வர நேரமாகி, அந்த வெயிலில் அது கெட்டுப்போய்விட்டது. அறுத்துப் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். செத்த உடனே பாலித்தீன் பையில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மறுபடி அப்படியே கொண்டுபோனபோது டாக்டர் இருந்தார். நல்ல மனுஷன். அறுத்து, இரைப்பைக்கு முன்னால் இருக்கும் பகுதியில் ஊசி முனை அளவு ரத்தப்புள்ளிகள் இருந்ததைக் காட்டினார். "இது வைரஸ்மா, வந்த கோழிக்கு மருந்து கிடையாது. நல்லா இருக்கிறதைக் காப்பாத்துவோம்" என்றார். கீழாநெல்லி, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கலாம், ஆனால் ஊசிக்கு அது ஈடாகாது என்றார். செத்ததை நாயும் காக்கையும் கிளறாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். ஏரியில் வீசுகிறவர்கள்தான் அடுத்த ஊருக்கு நோயை அனுப்புகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய முட்டுக்கட்டை. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்குப் போடும் ஊசி நூறு டோஸ் குப்பியாக வருகிறது. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. என்னிடம் மிஞ்சியதோ கொஞ்சம். இதற்காகக் குப்பியை உடைக்க முடியாது என்று முதல் நாள் ஆஸ்பத்திரியில் இருந்த அதே ஆள் மறுத்தார். 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இதைத் தயாரிக்கிறார்கள். பஸ் ஏறினால் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் தயாராகிற மருந்து எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சரி, நூறு கோழி சேர்த்துக் காட்டுகிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு நோய் வராத தெருக்களில் வீடு வீடாக ஏறினேன். எதிர்த்தெரு ஆயா, "ஊசி போட்டா செத்துப்போவும்டி, முட்டையும் நின்னுடும்" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே நோய் உள்ளே புகுந்த கோழி ஊசிக்குப் பிறகு சாகும், ஊசிமேல் பழி விழும். முட்டையும் சில நாள் குறையலாம். இதை மறைக்காமல் சொன்னதால்தான் ஆயா தன் ஒன்பது கோழியையும் கொடுத்தார். அவர் கொடுத்ததும் மற்ற வீடுகள் வந்தன. பட்டியலைப் பார்த்ததும் டாக்டரே விடியற்காலை ஆறு மணிக்கு ஆள் அனுப்பினார். முதல் நாள் இரவே எல்லாக் கோழியையும் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தோம். நோய் இல்லாத தெருக்களில் முதலில், எங்கள் தெருவில் கடைசியாக, தெம்பாக இருந்தவற்றுக்கு மட்டும். இறக்கைக்குக் கீழே, தோலுக்கு அடியில் அரை மில்லி. சின்னக் குஞ்சுகளுக்கு இந்த ஊசி கூடாது, கண்ணில் விடும் சொட்டுதான். ஏழு மணிக்குள் முடிந்துவிட்டது!

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் போய்விட்டன. எதிர்த்தெருவிலும் பின்தெருவிலும் சீக்கு ஏறவே இல்லை. ஆயா வீட்டு ஒன்பதும் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

ஒரு மாதமாவது புதுக்கோழி சேர்க்காதே என்றார் டாக்டர். அதன் பிறகு வாங்கினாலும் இரண்டு வாரம் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ச் சட்டி.

ஆகஸ்ட் 15 கிராம சபையில், அடுத்த முகாமை விடியற்காலையில் தெருத்தெருவாக வைக்கக் கேட்டு மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். தீர்மானத்தில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் பகலில்தான் முகாம் என்றால் அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகள் இருக்கின்றன. பிப்ரவரிக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.