ஷிஃப் பாட்டிலும் இரண்டாவது ஸ்லைடும்

திசுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் ஹிஸ்டாலஜி ஆய்வகம் என்றதும் நம் பேட்ச்சில் பெரும்பாலானவர்களுக்கு சைலீன் வாடைதான் நினைவுக்கு வரும். எனக்கு ஷிஃப் கரைசல். தீக்குச்சியை உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்தக் கந்தக நெடி, பாட்டிலைத் திறந்த உடனே குப்பென்று அடிக்கும். மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டார்கள். விடுதிக் கதைகளை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், நான் சாயக் கதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஹெமடாக்சிலின் ஈயோசின் என்ற வழக்கமான சாயம் எல்லாரும் போட்டோம். அதில் பெருங்குடல் செக்‌ஷனை, அதாவது மெல்லிய திசுச் சீவலைப் பார்த்தால் கரு நீலமாக இருக்கும், சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாக இருக்கும், ஆனால் கோப்லெட் செல்லின் வயிற்றில் மட்டும் ஒன்றும் ஒட்டாமல் வெளிறிக் கிடக்கும். அங்கே மியூசின் என்ற சளிப்பொருள் நிறைந்திருக்கிறது, அந்தச் சாயத்துக்குத்தான் அது அகப்படவில்லை. கல்லீரல் செல்லில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனும் அப்படித்தான். இந்த வெற்று இடங்களில் என்ன இருக்கிறது என்று கேட்கிற நாளில்தான் மேடம் ஷிஃப் பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வருவார்.

அந்தக் கரைசலே ஒரு வேடிக்கை. பேசிக் ஃபுக்சின் என்பது விரலில் பட்டால் நாள்கணக்கில் போகாத செஞ்சாயம். அதைக் கரைத்து, அமிலமும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டும் சேர்த்தால், வெளிப்படும் கந்தக டையாக்சைடு சாயத்தின் நிறம் தரும் அமைப்பையே குலைத்துவிடும். மிச்ச நிறத்தைக் கரித்தூள் போட்டு வடிகட்டினால் தண்ணீர் போலவோ லேசான வைக்கோல் நிறத்திலோ ஒரு திரவம் கிடைக்கும். ஆல்டிஹைடு என்ற வேதித் தொகுதியைக் கண்டால் மட்டும் அதற்கு மறுபடி நிறம் வரும், அதுவும் பளிச்சென்ற மெஜந்தா. ஹூகோ ஷிஃப் இதை 1866-லேயே சொல்லிவிட்டார். பாட்டில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கந்தக டையாக்சைடு பறந்துவிட்டது என்று பொருள், கொட்டிவிட வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் ஃபார்மலினில் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம். நல்ல கரைசல் என்றால் உடனே செவ்வூதாவாகும், கெட்டுப்போனது என்றால் யோசித்து யோசித்து நீலம் கலந்த ஊதாவுக்கு வரும். ஆய்வகத்து அண்ணன் ஒவ்வொரு பிராக்டிகலுக்கு முன்னும் இதைச் செய்து பார்க்காமல் எங்களிடம் பாட்டிலைக் கொடுத்ததே இல்லை.

ஆனால் திசுவில் இருக்கும் கிளைக்கோஜனிலோ மியூசினிலோ ஷிஃப்புக்குப் பிடிபடுகிற மாதிரி ஆல்டிஹைடு தயாராக இருக்காது, நாம்தான் உண்டாக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் பெர்அயோடிக் அமிலம். சர்க்கரை வளையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் இரண்டு ஹைட்ராக்சில் இருந்தால், அந்த இரண்டு கார்பனுக்கும் நடுவில் இருக்கும் பிணைப்பை வெட்டி இரு முனையிலும் ஆல்டிஹைடை வைத்துவிடும். இதற்கு முன்னால் குரோமிக் அமிலத்தை வைத்தும் செய்து பார்த்தார்கள், ஆனால் அது ஆல்டிஹைடோடு நிற்காமல் மேலும் ஆக்சிஜனேற்றிப் பாதியைக் கெடுத்துவிடும். பெர்அயோடிக் அமிலம் சரியான இடத்தில் நின்றுகொள்ளும். மக்மேனஸ் 1946-ல் இதை மியூசினுக்குப் பயன்படுத்திக் காட்டினார். ஷிஃப்பின் கரைசல் வந்து எண்பது வருஷம் ஆகியிருந்தது! நடுவில் 1924-ல் ஃபாய்ல்கன் அதே கரைசலை டி.என்.ஏ.வுக்குப் பயன்படுத்தியிருந்தார் என்பதை நினைத்தால், சர்க்கரைக்கு வர ஏன் இவ்வளவு தாமதம் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

செய்வது சுலபம். பாராஃபினைக் கரைத்து, செக்‌ஷனைத் தண்ணீருக்குக் கொண்டுவந்து, பெர்அயோடிக் அமிலத்தில் ஐந்து பத்து நிமிஷம், கழுவி, ஷிஃப்பில் ஒரு கால் மணி நேரம், பிறகு ஓடும் குழாய்த் தண்ணீர். ஷிஃப்பிலிருந்து எடுக்கும்போது வெளிறிய இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், இவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருக்கும். தண்ணீரில் பிடித்த பிறகுதான் மெஜந்தா ஏறி வரும். எங்கள் பேட்ச்சில் பாதிப்பேர் குழாயடியை விட்டு நகராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

சரி, நிறம் வந்துவிட்டது, அப்புறம்? இங்கேதான் மேடம் எங்களை ஓட ஓட விரட்டினார். பி.ஏ.எஸ்., அதாவது இந்தப் பெர்அயோடிக் அமிலம்-ஷிஃப் சாயம் போட்ட ஸ்லைடு ஒன்றை மட்டும் கொண்டுபோய்க் காட்டி “கிளைக்கோஜன் மேடம்” என்றால், “எப்படித் தெரியும்?” என்பார். மெஜந்தா என்று சொன்னால் ஸ்லைடை வாங்கிக்கொள்ளவே மாட்டார். அவர் கேட்பதும் நியாயம். கிளைக்கோஜனும் மெஜந்தா, நடுநிலை மியூசினும் மெஜந்தா, அடித்தளச் சவ்வும் மெஜந்தா, பூஞ்சையின் சுவரும் மெஜந்தா. அடுத்தடுத்து வெட்டிய இரண்டு செக்‌ஷன் எடுத்து, ஒன்றைக் கிளைக்கோஜனைக் கரைக்கும் நொதியான டைஆஸ்டேஸில் ஊறவைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பி.ஏ.எஸ். போட வேண்டும். முதலாவதில் இருந்து இரண்டாவதில் காணாமல் போனதுதான் கிளைக்கோஜன், மற்றது எதுவும் நொதிக்கு அசையாது. இதோடு விடமாட்டார், நொதி உண்மையிலேயே வேலை செய்ததா என்று காட்ட, கிளைக்கோஜன் இருப்பது தெரிந்த கல்லீரல் ஒன்றையும் கூடவே ஓட்டச் சொல்வார்.

ஒருமுறை டைஆஸ்டேஸ் தீர்ந்துபோனது. பிராக்டிகல் ரத்தாகும் என்று சந்தோஷமாக இருந்த எங்களிடம் ஒரு சின்ன பீக்கரை நீட்டி, “எல்லாரும் துப்புங்க” என்றார். எச்சிலில் இருக்கும் அமைலேஸும் அதே வேலையைச் செய்யும், பல ஆய்வகங்களில் ஒரு காலத்தில் இதுதான் வழக்கமே. யார் எச்சில் நன்றாக வேலை செய்தது என்று பிறகு நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது, சம்பந்தப்பட்டவர்கள் இப்போது பெரிய டாக்டர்கள், இந்த மலரையும் படிப்பார்கள்.

கிளைக்கோஜனில் இன்னொரு குறும்பும் உண்டு. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அதற்குள் ஒரு பக்கமிருந்து நுழையும்போது கிளைக்கோஜனைத் தள்ளிக்கொண்டே போகும், அதனால் பல செல்களில் கிளைக்கோஜன் எல்லாம் ஒரே ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். உயிரோடு இருந்தபோது அப்படி இல்லை. படத்தில் அழகாகப் பிறைபோல வரைந்து வந்தவர்களிடம் மேடம் இதைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார், அடுத்த வாரம்தான் விளக்கினார்.

ஆல்சியன் ப்ளூ வேறு வகை. இங்கே வெட்டு ஒட்டு எதுவும் இல்லை, நேர்மின் சுமை கொண்ட சாயம் எதிர்மின் சுமை கொண்ட சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செம்பு தாலோசயனின் சாயம் இது, துணிக்குப் போடுவதற்காக ஐ.சி.ஐ. நிறுவனம் கொண்டுவந்தது, 1950-ல் ஸ்டீட்மன் திசுவுக்குக் கொண்டுவந்தார். இதில் என்னை மயக்கியது பி.எச். விளையாட்டு. 3 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைத்தால் பி.எச். 2.5, அப்போது கார்பாக்சில் உள்ளதும் சல்ஃபேட் உள்ளதும் இரண்டும் நீலமாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பி.எச். 1-க்கு இறக்கினால் கார்பாக்சில் தன் சுமையை இழந்துவிடும், சல்ஃபேட் மட்டும் நிற்கும். அதனால் சிறுகுடலின் கோப்லெட் செல்கள் பெரும்பாலும் மங்கிவிடும், பெருங்குடலில் நீலம் தங்கும், குருத்தெலும்பும் நீலமாகவே இருக்கும். அதே சாயத்தில் அமிலத்தை மட்டும் மாற்றி இரண்டு ஸ்லைடு. மறுபடியும் எது போனது, எது நின்றது என்ற கேள்விதான்.

இரண்டையும் ஒரே செக்‌ஷனில் சேர்த்துப் போட்டால், அதாவது முதலில் ஆல்சியன் ப்ளூ, அதற்கு மேல் பி.ஏ.எஸ்., அமில மியூசின் நீலம், நடுநிலை மியூசின் மெஜந்தா, இரண்டும் கலந்திருந்தால் ஊதா. வரிசை முக்கியம், நீலம் முதலில் போய் இடம் பிடித்துக்கொண்டால்தான் அமில மியூசின் பிறகு மெஜந்தா பக்கம் சாயாமல் இருக்கும். இரைப்பையின் மேற்பரப்பு முழுக்க மெஜந்தாவாக வரும். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி பயாப்சியில் நீலமான கோப்லெட் செல் தெரிந்தால் அது அங்கே இருக்க வேண்டியது இல்லை, உணவுக்குழாயின் உட்படலம் குடல்போல மாறும் பாரெட் மாற்றத்தை யோசிக்க வேண்டும். எங்கள் துறையில் இதைவிட அழகான ஸ்லைடு கிடையாது என்பது என் கட்சி, சிறுநீரகக்காரர்கள் வெள்ளிச் சாயத்தைச் சொல்வார்கள், சொல்லட்டும்.

மியூசினுக்கான இன்னொரு சாயமான மியூசிகார்மைன் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. கோச்சினியல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன், பெயர் அழகு, வரலாறு நீளம், மேயர் 1896-ல் செய்தது, ஆனால் ஒட்டினால் ஒட்டும் இல்லாவிட்டால் இல்லை. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் உறையைச் சிவப்பாகக் காட்டுவதற்கு மட்டும் அதை மன்னித்துவிடலாம். ஹை அயர்ன் டையமீன் என்று ஒன்று இருந்தது, சல்ஃபேட் மியூசினைக் கறுப்பாக்கும், நாள் முழுக்க எடுக்கும், அந்த டையமீன் உடம்புக்கு ஆகாது, இப்போது யாரும் தேடுவதில்லை.

ஹயலுரானிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியான ஹயலுரானிடேஸை வைத்துச் செய்யும் சோதனையும் இப்போது வழக்கொழிந்துவருகிறது. மீசோதீலியம் என்ற உறைப் படலத்தில் வரும் புற்றான மீசோதீலியோமாவா, சுரப்பித் திசுப் புற்றான அடினோகார்சினோமாவா என்ற சந்தேகம் வந்தால், ஆல்சியன் ப்ளூவில் நீலமானது ஹயலுரானிடேஸ் போட்ட ஜோடி ஸ்லைடில் மறைகிறதா என்று பார்ப்பார்கள், மறைந்தால் அது ஹயலுரானிக் அமிலம், மீசோதீலியம் பக்கம் சாய்வார்கள். இன்றைக்கு அந்த வேலையை எதிர்ப்பொருள் சாயங்கள் இன்னும் தெளிவாகச் செய்கின்றன, அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆனால் பி.ஏ.எஸ். எங்கும் போகவில்லை. இயந்திரம் சாயம் போடுகிறது, எச்சில் பீக்கர் கிடையாது, மற்றபடி மேடம் சொன்னபடியே. கல்லீரல் பயாப்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஏ.எஸ். மட்டும் போட்டால் கிளைக்கோஜனால் ஸ்லைடு முழுக்க மெஜந்தாவாகி ஒன்றும் பிரித்தறிய முடியாது. டைஆஸ்டேஸ் போட்டதில் அது விலகியதும், போர்ட்டல் பகுதியை ஒட்டிய செல்களில் உருண்டை உருண்டையாக மெஜந்தாத் துளிகள் மிஞ்சி நின்றால், ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தின் குறைபாடாக இருக்கலாம். செல் தயாரித்த அந்தப் புரதம் சரியாக மடியாமல் வெளியே போக வழியின்றி உள்ளேயே தேங்கிவிட்டது, அதில் ஒட்டிய சர்க்கரைதான் நிறம் காட்டுகிறது.

புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, டைஆஸ்டேஸ் போட்ட ஸ்லைடுதானே வேண்டும், மற்றது எதற்கு என்று ஒன்றுக்கு மட்டும் ஆர்டர் எழுதி அனுப்புகிறார்கள். நொதி வேலை செய்ததா என்று எதை வைத்துச் சொல்வாய் என்று கேட்டு, படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.