'ட்ரேஸ்' முடிவோடு பழகிய கதை

சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் மெஷின் ஜீன்எக்ஸ்பர்ட். எங்கள் ஆய்வகம் அதன் பழைய கார்ட்ரிட்ஜை (மாதிரியை ஊற்றும் சோதனைக் குப்பி) விட்டு அல்ட்ரா என்ற புதிய கார்ட்ரிட்ஜுக்கு மாறியதும் எங்களை அதிகம் திணறவைத்தது 'ட்ரேஸ்' என்ற முடிவுதான். காசநோய்க் கிருமி இருக்கிறது என்று மெஷின் சொல்லும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்று பார்த்தால் பதில் இருக்காது.

பழைய கார்ட்ரிட்ஜ் ஆர்பிஓபி மரபணுவை மட்டும் தேடும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தெரிவதும் இதில் உள்ள மாற்றங்களை வைத்துத்தான். ஒரு கிருமிக்குள் அதன் பிரதி ஒன்றுதான் உண்டு. அல்ட்ரா கூடவே ஐஎஸ்6110, ஐஎஸ்1081 என்ற டிஎன்ஏ துண்டுகளையும் தேடுகிறது. இவை பெரும்பாலும் ஒரே கிருமிக்குள் பல பிரதிகளாக இருக்கும். அதனால் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 113 கிருமிகள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 16 போதும். துண்டுகள் மட்டும் சிக்கி மரபணு சிக்காவிட்டால், ட்ரேஸ்.

குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் சளியில் கிருமி குறைவு என்பதால் அவர்களுக்கு இதை பாசிட்டிவாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஏற்கெனவே காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்தவர் என்றால்? செத்த கிருமியின் டிஎன்ஏவையும் இந்தச் சோதனையின் பிசிஆர் முறை பெருக்கிக் காட்டிவிடும். அதனால் முந்தைய சிகிச்சை எப்போது முடிந்தது என்று படிவத்தில் இல்லாவிட்டால் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தோம். தேவைப்பட்டால் புதுச் சளியோடு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும்.

உண்மையில் துல்லியம் பாதி சளி டப்பாவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நிறைய டப்பாக்களில் வந்தது எச்சில்தான். டப்பாவை நீட்டிவிட்டு வந்துவிடாமல், ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்லி, பக்கத்தில் நின்று இருமிக் காட்டினால்தான் கெட்டியான சளி வரும். ஒரு பங்கு சளிக்கு சளியைக் கரைக்கும் ரீஏஜென்ட் திரவம் இரண்டு பங்கு ஊற்றி, நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் விட வேண்டும். நடுவில் மறுபடி குலுக்க வேண்டும். அவசர நேரத்தில் முதலில் விட்டுப்போவது இந்த இரண்டாம் குலுக்கல்தான். கட்டி கரையாமல் கிடந்தால் பிப்பெட்டில் ஏறுவது மேலே நிற்கும் தண்ணீர் மட்டுமே. கிருமியோ கட்டிக்குள் இருக்கும்! கரையும்வரை இன்னும் சில நிமிடம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

'மிகக் குறைவு' என்ற அளவோடு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு வந்தால் புது மாதிரியில் மறுபடி போடுகிறோம். அப்புறம், மருந்து கேட்கும் என்று முடிவு வந்தும் உடம்பு தேறாதவர்களின் சளியைக் கல்ச்சருக்கு அனுப்புகிறோம். மருந்து எதிர்ப்புக்காகக் கார்ட்ரிட்ஜ் பார்ப்பது ஆர்பிஓபி மரபணுவின் 81 எழுத்துகளை மட்டும்தான். ஐ491எஃப் மாதிரியான, எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றம் அதற்கு வெளியே இருப்பதால் அதன் கண்ணில் படாது.